பத்து என்று சொன்னவள்

ஜூன் 9, செவ்வாய்

நான் சொன்ன எண் அரசு உத்தரவில் வந்துவிட்டது! நோய் பரவாமலிருக்க, பொது இடத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது. கீழே கையெழுத்தோடு அப்பாவின் பதவி: நகர சுகாதார அதிகாரி.

நேற்றுச் சாப்பிடும்போது அப்பாவுக்கு மேலிடத்திலிருந்து போன்மேல் போன். எட்டு மணிக்குள் உத்தரவு போக வேண்டும். "அஞ்சு ரொம்பக் கம்மி, இருபது ஜாஸ்தி. நீ சொல்லு புத்தகப்புழு, எத்தனை போடலாம்?" என்றார். மேசைமேல் என் இரண்டு கைகளும் இருந்தன. "பத்து" என்றேன். அப்பா போனில் "பத்து" என்றார்.

இன்று செய்தியில் மூன்று முறை வாசித்தார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குக் காது சூடானது.

ஜூன் 17, புதன்

காய்கறிக்கார அக்காவின் வண்டி இரண்டு நாளாகத் தெருவுக்கு வரவில்லை. மாமா காரணம் சொன்னார். (அம்மாவின் தம்பி, வக்கீல். எங்கள் மாடியில் குடியிருக்கிறார்.) தெருக்கள் ஆளில்லாமல் கிடக்கும் நேரம் பார்த்து, சந்தையில் கடை போடுகிறவர்களை விரட்டிவிட்டுக் கார் நிறுத்தும் இடமாக மாற்றப் போகிறார்களாம். அதைக் கேட்க அக்காவோடு சேர்த்துப் பத்துப் பெண்கள் நகராட்சி வாசலில் தள்ளித் தள்ளி நின்றிருக்கிறார்கள். அக்காவின் மகள் தண்ணீர் பாட்டில் கொடுக்க வந்தாள். போலீஸ் எண்ணிப் பார்த்தது. பதினொன்று. எல்லோரையும் வேனில் ஏற்றிவிட்டார்கள்.

"பஸ்ல நாப்பது பேர் ஒட்டி உட்கார்ந்து போகலாமாம். வெட்டவெளியில பதினோரு பேர் நிக்கக் கூடாதாம். என்ன கணக்கு அத்தான் இது?"

"பஸ் ஓடலைன்னா நர்ஸ் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவா? நீ சாப்பிடு" என்றார் அப்பா.

நான் பன்னிரண்டு என்று சொல்லியிருந்தால்?

ஜூன் 20, சனி

மாமா வழக்குப் போட்டுவிட்டார். மனுவில் இரண்டாம் எதிர்மனுதாரர், நகர சுகாதார அதிகாரி. அதாவது அப்பா. அதாவது கீழ்வீடு.

அம்மா மாடிப்படியில் நின்று கத்தினாள். "ஊர்ல வேற வக்கீலே இல்லையாடா? அவர் உப்பைத் தின்னுட்டு அவர் மேலயே கேஸா?"

"வேற யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க அக்கா. தண்ணி கொண்டுபோன பொண்ணுக்கு வேலைக்குப் போற வயசு. பேர்ல கேஸ் இருந்தா எவன் வேலை கொடுப்பான்?"

அப்பா என்னிடம் மட்டும் சொன்னார்: "வக்கீல் சாருக்குச் சொல்லிடு, தண்ணி மோட்டார் கீழ்வீட்டு மீட்டர்ல ஓடுது."

ஜூன் 22, திங்கள்

மாமா கீழே சாப்பிட வருவதில்லை, சாப்பாடு மாடிக்குப் போகிறது. தட்டைத் தூக்குபவள் நான்.

ஜூன் 29, திங்கள்

ஜாமீனில் வந்த அக்கா இன்று வண்டியோடு வந்தாள். எதிர்வீட்டம்மா ஜன்னலிலிருந்து, "நோயைத் தள்ளிக்கிட்டு வந்துட்டா பாரு, போடீ அந்தப் பக்கம்" என்றாள். மற்ற ஜன்னல்கள் பேசாமல் மூடின. யாரும் வாங்கவில்லை.

நான் மட்டும் தக்காளி வாங்கினேன். அக்கா முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "பத்துன்னா பத்துதான்னு நிக்கிறான் பாப்பா போலீஸ்காரன். எம் பொண்ணு தண்ணிதான்யா கொண்டாந்தா, இதோ போயிடுவான்னேன். பெரிய டாக்டருங்க எல்லாம் உக்காந்து கணக்குப் போட்ட நம்பராம். நமக்கு என்ன தெரியும்?"

தக்காளி ஒன்று கையில் நசுங்கிவிட்டது. அதற்குப் பதில் வேறொன்று எடுத்துப் போட்டாள்.

ஜூலை 3, வெள்ளி

வழக்கு விசாரணை, வீடியோவில். மாமா கோட்டும் கீழே லுங்கியும். நான் கேமராவில் தெரியாமல், கம்ப்யூட்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து கேட்டேன்.

நீதிபதி அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏன் பத்து?"

அரசு வக்கீல் அப்பாவின் பிரமாணப் பத்திரத்தை வாசித்தார். "நிபுணர் குழுவின் ஆலோசனைப்படி நிர்ணயிக்கப்பட்ட எண்."

நிபுணர் குழு! அன்று மேசையில் அப்பா, அம்மா, நான், ஒரு ஊறுகாய் பாட்டில்.

அந்த ஆலோசனையை ஒரு வாரத்தில் தாக்கல் செய்யச் சொல்லிவிட்டார் நீதிபதி. மாமா கேமராவை அணைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு என்னமோ தெரியும்."

"தெரியாது."

பொய். அப்பா சத்தியம் செய்து சொன்னது பொய், நான் சும்மா சொன்னது பொய். குடும்பமே!

ஜூலை 4, சனி

மாமா எனக்கு ஒரு புதுப் புத்தகம் கொடுத்தார், நான் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. "லஞ்சமா?" என்று திருப்பிக் கொடுத்தேன். மாமாவின் முகம் சுருங்கிப்போனது. நன்றாக வேண்டும்.

முதல் பக்கம் மட்டும் படித்திருந்தேன்.

ஜூலை 6, திங்கள்

சாயங்காலம் அப்பா போனில் பேசியது கேட்டது. "ஆலோசனைக் கடிதத்துல ஜூன் எட்டுன்னே தேதி போடுங்க டாக்டர். மேலேயிருந்து சொல்லிட்டாங்க. நாலு பேர் கையெழுத்துப் போட்டா போதும்."

சாப்பிட உட்கார்ந்தோம். மாமா காலித் தட்டைக் கொடுக்க இறங்கி வந்தார். அவர் இருக்கிறார் என்று தெரிந்துதான் கேட்டேனா? தெரியவில்லை. வாய் கேட்டுவிட்டது.

"அப்பா, பத்துன்னு சொன்னது நான்தானே?"

அப்பா தட்டைத் தள்ளிவைத்தார்.

"நீ உள்ளே போ."

"டாக்டருங்க யாருமே இல்லையேப்பா. நான்தானே சொன்னேன்? நீங்கதானே கேட்டீங்க?"

அப்பா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். "ஆஸ்பத்திரியில படுக்கை இல்ல. எட்டு மணிக்குள்ள ஒரு நம்பர் கேக்கறாங்க. கணக்குப் பார்க்க நேரம் எங்கடா இருந்துச்சு? அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லலைன்னா எத்தனை பேர் செத்திருப்பாங்க?"

"அதையே எழுதியிருக்கலாமே அத்தான்" என்றார் மாமா. "அதை எழுதியிருந்தா நானே தோத்திருப்பேன்."

அம்மா எழுந்தாள். மாமாவின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். "குழந்தை வாயில வந்ததைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனேன்னா, எனக்குத் தம்பியே கிடையாது."

"கொண்டுபோக மாட்டேன். ஆனா கோர்ட் கேட்ட ஆலோசனைன்னு ஒரு பொய்ப் பேப்பர் வந்துச்சுன்னா, கையெழுத்துப் போட்ட ஒவ்வொருத்தரையும் நிக்க வெச்சுக் கேப்பேன்."

மாடிப்படியில் அவர் காலடி சத்தமாகக் கேட்டது. அப்பா என்னைப் பார்த்து, "சந்தோஷமா?" என்றார்.

ஜூலை 8, புதன்

அப்பா என்னோடு பேசுவதில்லை. "அவளை லைட்டை அணைக்கச் சொல்லு." நான் அம்மாவுக்குப் பக்கத்திலேயேதான் நிற்கிறேன்.

ஜூலை 10, வெள்ளி

நான் மாடிக்குப் போகவில்லை. ஆனால் கதவு திறந்திருந்தது, படியில் உட்கார்ந்தால் கேட்கும்.

இன்று விசாரணையில் அப்பாவே பேசினார், அலுவலகத்திலிருந்து. குழு எதுவும் கூடவில்லை என்றார். நேரம் இல்லை, எண்ணை நானே முடிவு செய்தேன் என்றார்.

"அப்படியானால் முன்பு சொன்னது?"

"தப்பு, மேடம்."

அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. நிபுணர் குழு என்று யார் சொல்லி எழுதினார் என்று அவர் சொல்லவில்லை. மேசையையும் சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. இதற்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா?

தீர்ப்பு: அவசரத்தை நீதிமன்றம் மன்னிக்கும், இல்லாத காரணத்தை இருப்பதாகச் சொல்வதை மன்னிக்காது. பத்து தன்னிச்சையான எண், ரத்து. பதினொரு பேர் மீதான வழக்கும் ரத்து. இடைவெளி விட்டு, முகக்கவசத்தோடு, திறந்த மைதானத்தில் கூடலாம். புது உத்தரவு வேண்டுமானால் காரணத்தோடு போடுங்கள்.

தன்னிச்சை என்றால் எனக்குத் தெரியும். இருந்தாலும் அகராதியைப் பார்த்தேன். என் பெயர் இருக்குமோ என்று பயந்தவள் மாதிரி.

மாமா ஜெயித்துவிட்டார். இன்று மாடிக்குத் தட்டு போகவில்லை. அம்மா அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூலை 18, சனி

அப்பாவுக்கு மாற்றல். எங்கேயோ ஒரு மருந்துக் கிடங்குக்கு. மேலேயிருந்து சொன்னவர்கள் மேலேயே இருக்கிறார்கள்.

எதிர்வீட்டம்மா இப்போது எங்களைப் பார்த்து ஜன்னலை மூடுகிறாள். "மாமன் கேஸ் போடுவான், அப்பன் ஒத்துக்குவான். நாளைக்கு எவனாவது செத்தா இவங்களா வந்து தூக்குவாங்க?"

மைதானத்தில் சந்தைக்காரர்கள் கூட்டம். சுண்ணாம்பு வட்டங்களுக்குள் நின்றார்கள். அக்கா மகள் இன்றும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். எத்தனை பேர் என்று எண்ணவில்லை.

மாமா என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் அசைக்கவில்லை.

ஜூலை 26, ஞாயிறு

நாளை கிளம்புகிறோம். மாமா லாரிக்காரரோடு பேரம் பேச இறங்கி வந்தார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு தகரப்பெட்டி. "எத்தனை புத்தகம் எடுத்துக்கலாம்னு கேளும்மா" என்றேன். அம்மா பதில் சொல்வதற்குள் அப்பா எழுந்து போனார். கோபம் என்று நினைத்தேன். அடிக்கோலோடு வந்தார். பெட்டியின் உள்ளே நீளம், அகலம், ஆழம் அளந்தார். தடித்த புத்தகம் ஒன்று, மெல்லியது ஒன்று அளந்தார். பாதிப் பெட்டியை நிரப்பி, ஒரு கையால் தூக்கிப் பார்த்து வைத்தார்.

"இருபத்தாறு" என்றார். அம்மாவிடம் இல்லை, என்னிடம்.

நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"இடம் பார்த்தா முப்பது போகும். ஆனா கைப்பிடி ஆணி ஒண்ணு ஆடுது. முப்பது வெச்சா, நீ படியிறங்கும்போது பிச்சுக்கும். மெல்லிசாப் பொறுக்கினா இன்னும் ரெண்டு வைக்கலாம். வேணும்னா நீயே தூக்கிப் பாரு."

ஏன் என்று நான் கேட்கவே இல்லை. அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.