பச்சைப் பூ

பிப்ரவரி 9

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, மின்னஞ்சல் வந்து கிடந்தது. "சிறு திருத்தங்களுடன் ஏற்கப்படுகிறது." மூன்று தடவை படித்தேன். அப்புறம் படம் வரைகிற பெண்ணைக் கூப்பிட்டு அவளைப் படிக்கச் சொன்னேன். என் கண்ணை நானே நம்பவில்லை.

பதினாறு வருடமாக, ஊரார் பறித்துக்கொண்டு வரும் செடிகளை உலர்த்தி, அட்டையில் ஒட்டி, இது இன்ன இனம் என்று எழுதி, அலமாரியில் அடுக்குவதுதான் என் பிழைப்பு. காப்பிச் சாதி முழுக்க என் பொறுப்பு. உலகத்தில் காட்டுக்காப்பி நூற்றுச் சொச்சம் இனம் இருக்கிறது. ஜனங்கள் குடிப்பது என்னவோ இரண்டைத்தான். மற்றதை யாரும் சீந்துவதில்லை. அதில் இப்போது ஒன்று கூடப்போகிறது. அதன் லத்தீன் பெயருக்குப் பின்னால் சின்ன எழுத்தில் என் பெயர் இருக்கும். நான் செத்த பிறகும் இருக்கும்.

வீட்டுக்காரர் ஏதோ ஏசி மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதல் கேள்வி, "என் பேரை வச்சியா?"

"நட்சத்திரம்னு அர்த்தம் வர்ற பேரு. பூ அந்த மாதிரி இருக்கு."

"அப்ப என்னைத்தான் சொல்லியிருக்கே."

பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

பிப்ரவரி 11

திருத்தங்களை முடித்தேன். எழுதியதை மறுபடி படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. மற்ற காட்டுக்காப்பியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்து, இதழ் விரிந்து, மகரந்தப்பையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வாசனை ஆளைத் தூக்கும். இது அப்படி இல்லை. பூ சின்னது, தடித்தது, பச்சை. பாதிதான் விரியும். மகரந்தப்பை உள்ளேயே ஒளிந்திருக்கும். வாசனை கிடையாது. உலகத்தில் வேறு எந்தக் காப்பிக்கும் இப்படிப் பூ இல்லை.

இலை மட்டும் மேட்டுக்காப்பியின் இலை போலவே இருக்கிறது. அது பல மலைகளில் கிடைக்கிற சாதாரண இனம்; என் செடி கிடைத்த அதே குன்றின் உச்சியிலும் நிற்கிறது. கீழே சரிவில் நிற்பது என்னுடையது. மரபணுச் சோதனையிலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்தது. "அக்கா தங்கச்சி இனமா இருக்கும். பூவே வேற, அப்புறம் என்ன?" என்று எங்கள் துறைத் தலைவர் சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

கடைசி வரி: "காய் காணக் கிடைக்கவில்லை." இரண்டு வருடம் போயும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 12

என்ன வெயில் இது. பிப்ரவரியா, மே மாதமா?

பிப்ரவரி 17

சரிவுக்குப் போய் வந்தேன். கட்டுரைக்கான படத்தில் மொட்டு விட்ட கிளை ஒன்று வேண்டும். அதைப் பச்சையாகப் பார்த்துத்தான் வரைவேன் என்று படக்காரி அடம்.

கல் குவாரிக்காரர்கள் சரிவின் அடியில் கொடி நட்டு வைத்திருக்கிறார்கள். மெஷின்கூட வந்து நிற்கிறது. குவாரிக்கு அனுமதி கொடுப்பதா என்று ஏப்ரல் இருபது விசாரணை. வேறெங்கும் இல்லாத ஓர் இனம் நிற்கிற இடத்தில் வெடி வைக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் என் நட்சத்திரம் அச்சில் வந்துவிட்டால் போதும், கொடியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வனக்காவலர் கையைப் பிடிக்காத குறை. "இந்த ஒரு சரிவுதாம்மா என் சரகத்துல மிச்சம். எப்படியாவது காப்பாத்திக் குடுத்துடுங்க." நான் பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டினேன்.

கிளைகளை நானே வெட்டி ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். அலுவலகத்தில் மூன்று நாளாகக் கரண்ட் சரியில்லை, உள்ளே உட்கார முடியவில்லை. வீட்டுப் பின்னறையில் அவர் பழுது பார்த்த ஏசி ஒன்றைச் சோதனைக்கு ஓட விட்டிருக்கிறார். அங்கே ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி வைத்தேன். "செடிக்கு ஏசி, எனக்கு ஃபேன்" என்று ஒரு முணுமுணுப்பு.

பிப்ரவரி 20

படக்காரி வீட்டுக்கே வந்து மொட்டை வரைந்துவிட்டுப் போனாள். கிளை வாடவில்லை. தூக்கிப் போட மனசில்லாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 28

பூத்துவிட்டது.

காலையில் பின்னறையிலிருந்து அவர் கூப்பிட்டார். "ஏய், சீக்கிரம் வா. ரூம் முழுக்க என்னமோ வாசனை." ஏதாவது மருந்தைக் கொட்டியிருப்பார் என்று திட்டிக்கொண்டே போனேன். வாளி முழுக்க வெள்ளை. பெரிய பெரிய பூ. இதழ் நன்றாக விரிந்து, மகரந்தப்பை வெளியே நீட்டிக்கொண்டு.

நின்றது நின்றபடி நின்றேன்.

"இதுக்குப் போய் ஏன் இப்படி நிக்கிறே? அழகாத்தானே இருக்கு?"

"அழகா இருக்கறதுதாங்க பிரச்சினை."

அளவுகோலை எடுத்து அளந்தேன். குழல் நீளம், இதழ் அகலம், காம்பு, எல்லாம். எதற்கு அளக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. மேட்டுக்காப்பி. அச்சு அசல் மேட்டுக்காப்பி.

மார்ச் 1

"கிளை மாறியிருக்கும்கா" என்றாள் படக்காரி.

"நான்தானே வெட்டினேன்."

அவள் வரைந்த படத்தையும் நான் கொண்டுபோன வெள்ளைப் பூவையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று மாத உழைப்பு அந்தப் படம். ஒவ்வொரு நரம்பும் தெரியும். பாவம், என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "இதை வேற யாரும் பாக்கலையேக்கா. சொன்னா அந்தச் சரிவு போயிடும். சொல்லலைன்னா மரமாவது நிக்கும்."

வெள்ளைப் பூவைத் தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 2

ஒரு தடவை பூத்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது. காவலருக்குப் போன் போட்டேன். ஒரே மரத்தில், ஒரே கிளையை இரண்டாக வெட்டி, பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னேன். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஒரு பாதி ஏசி ஓடுகிற பின்னறையில். மறுபாதி வெளியே, வீட்டுக்காரர் பட்டறையின் தகரக் கூரைக்கு அடியில். இரண்டுக்கும் ஒரே குழாய்த் தண்ணீர்.

சாமி, எப்படியாவது இரண்டும் பச்சையாகப் பூக்கட்டும்.

மார்ச் 8

மொட்டு இன்னும் மூடித்தான் இருக்கிறது.

மார்ச் 14

ஏசி அறையில் வெள்ளை. தகரத்துக்கு அடியில் பச்சை நட்சத்திரம்.

ஐயோ, நான் கண்டுபிடிச்சது இனமே இல்ல. வெயில். மொட்டு விரியற நேரத்துல சூடு தாங்காம அரைகுறையா வெந்து போன பூ அது. நோயாளியைப் பாத்துப் புது மனுஷன்னு பேர் வச்சிருக்கேன். வெயிலுக்கு லத்தீன்ல பேர் வச்சவ உலகத்திலேயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

ஏன் காய் இல்லைன்னு ஒரு நாளாவது யோசிச்சேனா? இப்படிப் பூத்தா எங்கேருந்து காய் பிடிக்கும்? எழுதறேன், "காய் காணக் கிடைக்கவில்லை"ன்னு, என்னமோ நான் சரியாத் தேடாத மாதிரி.

மார்ச் 15

தலைவரிடம் போய்ச் சொன்னேன். மனுஷர் முதலில் சிரித்தார்.

"வருஷா வருஷம் அந்த இடத்துல எந்தப் பூ பூக்குதோ அதுதான் அதோட பூ. உங்க வீட்டு ஏசில பூத்ததையா நம்பறது?"

ஒரு நிமிடம் எனக்கே ஆசை வந்துவிட்டது. அப்படியும் சொல்லலாம்தானே என்று. பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏப்ரல் இருபது வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. அப்புறம் நிதானமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். உங்க கான்ட்ராக்டும் இந்த வருஷம் முடியுது, ஞாபகம் இருக்கட்டும்."

வீட்டில் வந்து கொட்டினேன். அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்காமலே கேட்டார். "கம்ப்ரஸர் போன மெஷினுக்கு வெறும் கேஸை ஏத்தி அனுப்பினா, வாரத்துல திரும்பி வந்துடும். மெஷினோட சண்டையும் வரும். அதுக்கப்புறம் அந்தத் தெருவுல நான் எது சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான்."

அதுதான். குவாரிக்காரர்கள் ஒரு தாவரக்காரரைக் கூலிக்குப் பிடித்து, ஒரு வாளித் தண்ணீரில் கிளையை நிறுத்தச் சொன்னால் முடிந்தது கதை. அப்புறம் நாங்கள் காப்பாற்ற நினைக்கிற எந்தச் செடியின் பெயரையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் அந்தக் காவலரின் முகம் கண்ணிலேயே நிற்கிறது.

மார்ச் 16

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பிவிட்டேன். நாலு வரி. அனுப்பிவிட்டுக் கழிப்பறையில் போய் அழுதேன்.

மார்ச் 23

தலைவர் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருப்பதும் நல்லதுதான், வேலை நடக்கிறது.

மேட்டுக்காப்பி அட்டைகள் எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து இறக்கினேன். பழைய அட்டைகளில் பூ ஒவ்வொன்றும் விரிந்து, ஒழுங்காக. சமீபத்திய அட்டைகளிலும் அப்படித்தான். அப்படியானால் வெயில் என் சரிவில் மட்டும்தானா? பிறகுதான் உறைத்தது, ஒழுங்கான பூவைத்தானே நாங்கள் ஒட்டுகிறோம். கோணல்மாணலாக வந்ததையெல்லாம் "மாதிரி சரியில்லை" என்று எழுதி ஒதுக்கிவிடுவோம்.

கீழ்த்தளத்தில் ஒதுக்கிய கட்டுகள் இருக்கின்றன. தும்மித் தும்மி அவிழ்த்தேன். கடந்த பத்து வருடத்துக் கட்டுகளில், நாலு வெவ்வேறு மலைத்தொடர்களிலிருந்து வந்தவற்றில், குட்டைப் பூ, தடித்த பூ, பாதி விரிந்த பூ. எல்லாமே தாழ்வான சரிவுகளில் பறித்தவை. காய் ஒன்றில்கூட இல்லை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலி வேறு.

ஏப்ரல் 6

அந்தக் கிளைகளைப் பறித்து அனுப்பியவர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டிருந்தேன். பதில் வந்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சம் மாறினாலும் சாரம் ஒன்றுதான்: கீழ்ச்சரிவுகளில் பல வருடமாகக் காய்ப்பில்லை. ஒருவர் எழுதியிருந்தார்: "மரங்கள் செழிப்பாக இருக்கின்றன. கன்றுதான் ஒன்றும் கண்ணில் படவில்லை."

என் சரிவிலும் கன்று கிடையாது. இரண்டு வருடமாக நிமிர்ந்து பூவைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். குனிந்து பார்க்கவேயில்லை.

காட்டுக்காப்பி விதையை மற்ற விதைகள் மாதிரி உலர்த்திக் குளிரில் போட்டு வருடக்கணக்கில் சேமிக்கவும் முடியாது. மரம் நின்று காய்த்தால்தான் உண்டு.

ஏப்ரல் 20

விசாரணை. அறையில் ஃபேன் ஓடியும் ஓடாமலும். புது இனம் இல்லை என்று நானே முதலில் எழுந்து சொன்னேன். காவலர் பின்வரிசையில் இருந்தார். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

குவாரி வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "அப்ப இது பல ஊர்ல இருக்கிற சாதாரணச் செடிதானே மேடம்?"

"ஆமா. மரம் பல ஊர்ல இருக்கு. கீழ்ச்சரிவுல கன்று எந்த ஊர்லயும் இல்லை. இருக்கிற மரம் சாகற வரைக்கும்தான் அது சாதாரணச் செடி."

ஒதுக்கிய கட்டுகளை மேசைமேல் பரப்பினேன். பழுப்பேறிய குப்பை மாதிரிதான் இருந்தது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேட்டுக்காப்பியின் நிலையைப் புதிதாக மதிப்பிட்டு முடிக்கும்வரை வெடி வைக்கத் தடை என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. அதுவே பெரிய விஷயம்.

நவம்பர் 11

மதிப்பீடு வெளிவந்தது. மேட்டுக்காப்பி "கவலை இல்லை" என்ற வரிசையிலிருந்து "அழியும் ஆபத்தில்" என்ற வரிசைக்குப் போய்விட்டது. முதல் பெயர் தலைவருடையது. அதைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டாவதாக என் பெயர். ஒரு செடியின் பக்கத்தில் என் பெயர் அச்சேறுவது இதுதான் முதல் தடவை. எதற்காக ஏறியிருக்கிறது பாருங்கள்.

கான்ட்ராக்ட் ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள்.

டிசம்பர் 2

குவாரிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. படக்காரி வெள்ளைப் பூவை வைத்து ஒரு படம் வரைய ஆரம்பித்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான்.

மார்ச் 3

சாயங்காலம் காவலர் போன் பண்ணினார். கடைசி மெஷினும் இன்றைக்கு லாரியில் ஏறிப் போய்விட்டதாம். குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது.

"அதோட இன்னொரு நல்ல சேதிம்மா. பூத்துடுச்சு. போன தடவை கீழ்ச் சரிவுல மட்டும்தானே அந்தப் பச்சைப் பூ? இந்த வருஷம் மேல உச்சி வரைக்கும் போயிருக்கு. ஒரு மரம் பாக்கியில்லை, எல்லாம் உங்க பூதாம்மா. கேட்டா சந்தோஷப்படுவீங்கன்னுதான் உடனே கூப்பிட்டேன்."

உச்சியில் நிற்பவற்றில்தான் இதுவரை காய் இருந்தது.

அந்தப் பச்சை வெயில் செய்த கோளாறு என்று அவருக்கு உட்கார வைத்து நான் விளக்கியதே இல்லை. ரொம்ப நன்றி, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.