மேற்கு ஜன்னல்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். காலையில் எழுதலாம் என்று விட்டால் சமையல், ஸ்கூல் வேன் என்று ஓடிவிடும். யாழினி இப்போதுதான் தூங்கினாள். வீசிங்குக்கு மருந்து வைக்க நீ விட்டுப்போன நெபுலைசர் மெஷினில் இன்னும் சூடு ஆறவில்லை. அதன் மாஸ்க்கில் உன் பையன் ஒட்டிய மீன் ஸ்டிக்கர் பாதி உரிந்துவிட்டது. ஆனாலும் அந்த மீனைக் காட்டினால்தான் இவள் மூக்கில் வைக்க விடுகிறாள்.

இன்று டிவியில் நம் தொகுதி வேட்பாளர்களின் விவாதம். திருவொற்றியூர் கடற்கரையில் மேடை போட்டு எடுத்திருந்தார்கள். மெஷின் சத்தத்தில் பாதிதான் கேட்டது. போன தேர்தலில் இதே மாதிரி நடந்தபோது நாம் நேரிலேயே போனோம். யாழினி என் இடுப்பில், உன் பையன் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. கடற்காற்று வாங்குகிற நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று ஒருவர் பேச, நீ சத்தமாகவே சொன்னாய்: "சாயங்காலம் வந்துட்டுப் போறவருக்கு அப்டித்தான் கீது. ராத்திரி படுத்துப் பாக்கச் சொல்லு." முன்வரிசையே சிரித்தது.

நம் தெருவில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி முடிக்கிற நேரத்தில் காற்று திரும்பும். மணலிப் பக்கத்து ஃபாக்டரி நெடி வரும். வீடு வீடாக மேற்கு ஜன்னல்களைச் சாத்துகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்கும்.

அன்று நீ மைக்குக்காகக் கை தூக்கிக்கொண்டே இருந்தாய். மைக் வரவில்லை. பிறகு டிவியில் பார்த்தால் ஓரத்தில் உன் கையும் வளையலும் மட்டும். "என் கை மட்டும் எலெக்ஷன்ல நிக்கிது பாரு" என்று நீதான் முதலில் சிரித்தாய்.

இன்று ஒரு பெண்ணுக்கு மைக் கிடைத்துவிட்டது. நீ கேட்க நினைத்ததையே கேட்டாள். எங்கள் தெருவில் ஒரு ராத்திரி மேற்கு ஜன்னலைத் திறந்துவைத்துப் படுப்பீர்களா என்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேட்பாளர்களில் இரண்டு பேர் காற்றை அளக்கக் கருவி வைப்போம், மரம் நடுவோம் என்றார்கள். மூன்றாமவர் நம் பக்கத்திலேயே பிறந்தவர். அவருக்குத்தான் ஓட்டு என்று மனதில் வைத்திருந்தேன். அவர் தணிந்த குரலில் சொன்னார்:

"எம் பையனுக்கும் வீசிங் கீதும்மா. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். அதான் அண்ணா நகர்ல வூடு பாத்துப் போய்ட்டேன்."

கூட்டம் கை தட்டியது. அந்தப் பெண் மட்டும் உட்காரவில்லை. "அப்போ நாங்க?" என்றாள். அதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள்.

கண்டெய்னர் யார்டில் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அவரே போய்ட்டாரு. நாமதான் இன்னும் யோசிச்சிகினு கீறோம்."

அந்த வேட்பாளர் மேல் கோபப்பட நினைத்தேன், முழுதாக வரவில்லை. நீயும் அதற்காகத்தானே திருநின்றவூருக்குப் போனாய். ஆனால் நீ யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. லாரியில் சாமான் ஏற்றிய அன்று இந்த மெஷினை என் கையில் திணித்தாய். "அங்க இது தேவப்படக் கூடாதுன்னுதான்டி போறேன். நீ வச்சுக்க, திருப்பிக் கொண்டாராத."

இங்கே நீ இருந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் மேற்கு ஜன்னலைத் திறந்தே போட்டிருந்தார்கள். கைக்குழந்தை வேறு. நான்தான் போய்ச் சொன்னேன். நாங்களும் கிளம்பிவிட்டால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு யார் சொல்வார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அடுத்த நிமிடமே யாழினியின் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன்.

அங்கே திருநின்றவூரில் உன் பக்கத்து வீடு காலியாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். அம்மாவையும் இவள் ஸ்கூலையும் விட்டு வருவதென்றால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். போனில் கேட்டால் "நல்லா கீறோம்டி" என்றுதான் சொல்வாய். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். அங்கே போன பிறகு உன் பையனுக்கு வேறு மெஷின் வாங்கினாயா?

உள்ளதை எழுது. சீக்கிரம் பதில் போடு.