சத்தம் போட்டு வாசிக்கச் சொன்ன அத்தைக்கு

என் பிரியமான அத்தைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை தேனியில் கச்சேரி வாசித்தோம். நம்ம தேனியிலேயே! எங்கெங்கோ மேடை ஏறிவிட்டு, பிறந்த ஊரில் ஏற எனக்கு இத்தனை வருசம் ஆகியிருக்கிறது. மறுநாள் காலையிலேயே கல்லறைத் தோட்டத்துக்கு வந்து உங்களிடம் சொல்லிவிட்டேன். ஆனால் நமக்குள் மட்டும் இருந்தால் போதாது என்று தோன்றியது. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் மகன் அருளைக் கட்டிக்கொண்டு ராயப்பன்பட்டிக்கு வருவதற்கு முன்னால் நான் பெங்களூரில் ஒரு ராக் குழுவில் எலெக்ட்ரிக் வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன். புரோகிரெசிவ் ராக் என்பார்கள். ஒரே உருப்படி இருபது நிமிடம் ஓடும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும், பாடுகிறவர் ஒதுங்கிக்கொள்ள கருவிகள் மட்டும் பேசும். கல்யாணத்தோடு அதெல்லாம் முடிந்தது என்று நானேதான் முடிவு செய்தேன். வாசிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. வாசி என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த வயலினில் மற்ற வயலின் போல சத்தத்தைப் பெருக்குகிற மர வயிறு கிடையாது. ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால்தான் சத்தம் வரும். மாட்டாமல் வாசித்தால் கொசு பறக்கிற அளவுக்குத்தான் கேட்கும். மத்தியானம் பிள்ளை தூங்கியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கும்படி வாசிப்பேன். மூன்று வருசம் அப்படித்தான் ஓடியது. ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் நிலைப்படியில் நிற்கிறீர்கள்.

“என்னத்தா, கை இந்தப் பற பறக்குது, சத்தத்தையே காணோம்?”

ஹெட்போனைக் கழற்றி உங்கள் காதில் மாட்டிவிட்டு வாசித்தேன். முதலில் திடுக்கிட்டீர்கள். பிறகு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தீர்கள். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

“இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டா மூணு வருசமா சும்மா இருந்த?” என்றீர்கள். கோபமாகத்தான் கேட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று எப்போதாவது சொல்லியிருக்கிறேனா?

மறுநாளே நம்ம தோட்டத்துத் திராட்சைப் பெட்டிகளை எல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளி, வீட்டை ஒட்டிய பேக்கிங் ஷெட்டைப் பெருக்கிக் கொடுத்தீர்கள். “இங்கன வந்து சத்தம் போட்டு வாசி.”

போட்டேன். அடுத்த வீட்டிலிருந்து மாமாவுடைய அண்ணன், நம்ம பெரிய மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். குடும்பத்துப் பொம்பள இப்படி ஊரைக் கூட்டலாமா என்று கேட்டார். நீங்கள் அசையவே இல்லை.

“தோட்டத்து மோட்டார் ஓடுனாப் பொறுத்துக்கிறீக. கல்யாண வீட்டுல ரேடியோக் குழாய் கட்டுனாப் பொறுத்துக்கிறீக. எம்மருமக வாசிச்சா மட்டும் காது வலிக்குதாக்கும்?”

அவர் போய்விட்டார். ஆனாலும் விடவில்லை. ரெண்டு வருசம், நான் வாசிக்கிற நாளெல்லாம் அவருடைய முணுமுணுப்பு நடந்துகொண்டேதான் இருந்தது.

பெங்களூரில் இருந்த பழைய குழு என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஆனால் பின்னால் நின்று நாலு வரி வாசிக்கிற இடம்தான். பெங்களூரில் ஒரு பெரிய இசை விழா. மேடைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது எங்கள் கிடார்காரர் வேறு குழுவுக்குப் போய்விட்டார். கிடார் இல்லாமல் முடியாது, விழாவை விட்டுவிடலாம் என்றார்கள் மற்றவர்கள். நான் உங்களுக்கு போன் போட்டு அழுதேன்.

“அந்தாளு வாசிச்சது பூராம் ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் அத்தை. ஆனா அது கிடாருக்கு எழுதினது.”

“தெரியும்ல? பெறகென்ன. கண்ணத் தொடச்சுக்கிட்டு வாசி.”

ரெண்டு நாளும் தூங்காமல் கிடார் வாசிக்கிற இடத்தையெல்லாம் வயலினுக்கு மாற்றினேன். மேடையில் காலடியில் இருந்த, சத்தத்தை மாற்றுகிற பெடலை மிதித்தேன். வயலினின் குரல் கரகரத்து, உறுமி, என் வில்லுக்குக் கீழே ஏதோ விலங்கு எழுந்து நின்றது போல இருந்தது. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. அன்றைக்குப் பிறகு எங்கள் குழுவில் கிடார் கிடையாது. வயலின்தான் முன்னால் நிற்கிறது.

முதல் ஆல்பம் வந்தபோது அட்டையில் என் படத்தைப் பார்த்துவிட்டு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தீர்கள். கோயிலில் காட்டினீர்கள். திராட்சை ஏற்ற வந்த கேரளா லாரிக்காரர்களிடம்கூட “என்டெ மருமகளா” என்று மலையாளத்தில் சொல்லிக் காட்டியதாக அருள் சொன்னார்.

ஆனால் நீங்கள் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. கூப்பிட்டபோதெல்லாம், “பிள்ளைய யாரு பாப்பா? நீ போய்ட்டு வா” என்றீர்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்க என்று நான் ஏன் சொல்லவில்லை அத்தை? ஒரு காலைப்பொழுதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. சொல்ல நேரம் இல்லாமல் போய்விட்டது.

இப்போது தேனிக் கச்சேரிக்கு வருகிறேன். கல்யாண மண்டபத்தில் பாதிக்கு மேல் நம் சொந்தக்காரர்கள்தான். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு பெரிய மாமா. எங்களுடைய நீளமான உருப்படியின் நடுவில் எல்லாக் கருவியும் சட்டென்று நிற்கும் இடம் ஒன்று உண்டு. நின்றோம். முடிந்துவிட்டது என்று நினைத்துச் சனங்கள் கைதட்டி எழ ஆரம்பித்தார்கள்.

பெரிய மாமா விருட்டென்று எழுந்து பின்னால் திரும்பினார். “உக்காருங்கப்பா! இன்னும் முடியல. இனிமேத்தான் இருக்கு!”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்புறம் வாசித்தேன் பாருங்கள், என் வாழ்க்கையில் அப்படி வாசித்ததில்லை.

இறங்கி வந்து, “எப்படி மாமா தெரிஞ்சது?” என்று கேட்டேன்.

“ரெண்டு வருசமா எஞ்செவுத்துல மோதுன பாட்டு. எனக்குத் தெரியாமப் போகுமா?” என்றார். முறைப்பாகத்தான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

அடுத்த மாசம் போலந்தில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை அருளும் உங்கள் பேத்தியும் கூட வருகிறார்கள். எனக்கு வேண்டியவர்களை வீட்டில் விட்டுவிட்டு இனி ஒரு பெரிய மேடையும் ஏற மாட்டேன் அத்தை. இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

என்றும் உங்கள் மருமகள்,
ராயப்பன்பட்டி ஜெனிட்டா