ஒரே சஹனில் என் பங்கு

ஞாயிறு இரவு.

தூக்கம் வரவில்லை. மதியம் ராயப்பேட்டையில் சித்தப்பா மகளின் நிக்காஹ் விருந்து. எங்கள் வழக்கப்படி சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி நான்கு பெண்கள் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். டயட் ஆப் எத்தனை கப் என்று கேட்கிறது. யார் அளந்தார்கள்? கால் பங்கு என்று போட்டேன். எடை குறைந்தால்தான் முட்டி ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்; அவரும் இதைத்தான் பார்ப்பார்.

அதே சஹனில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அக்காவுக்கு போன் போட்டேன்; அவளும் இதே ஆப்தான் வைத்திருக்கிறாள். "நானும் கால் பங்குதான்டி போட்டேன். நாலு பேர்னா அதானே கணக்கு? படுத்துத் தூங்கு."

அவளுக்கென்ன. கொலஸ்ட்ரால் என்று சொல்லிக் கறியையெல்லாம் என் பக்கம் தள்ளியவள்.

கால் பங்கை அரை என்று திருத்தினேன். அதுவும் உறுத்துகிறது. கை கழுவ எழுந்தபோது பார்த்தேனே, எலும்பெல்லாம் என் பக்கம்தான் குவிந்திருந்தது.