குளியல் தண்ணீர் போகும் வழி

திருக்கோகர்ணம், 15-5-1957

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்; இந்த டைரியிலாவது எழுதி வைக்கிறேன். அடுத்த வீட்டில் இருக்கும் அண்ணனோடு ஏழு வருஷமாகப் பேச்சில்லை. பாகப்பிரிவினையில் கிணற்றடியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று குளியலறைக்கு அளவெடுக்கக் கொத்தனார் வந்தார். கொல்லையில் பெண்கள் குளிக்கும் கீற்று மறைப்பு இருக்கும் இடத்தில் கயிறு பிடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி போக அண்ணன் தோட்டம் ஒண்ணுதாங்க வழி. அங்கிட்டுதான் பள்ளம். ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்றார்.

"அவருகிட்டக் கேட்டுத்தான் கட்டணும்னா கட்டவே வேணாம். கீத்து மறைப்பே போதும்" என்றேன்.

அடுக்களை வாசலில் நின்ற என் மனைவி, கொத்தனார் முன்னாலேயே சிரித்தாள்.

"ஒங்களுக்குப் போதும்தான். நீங்க கொளத்துல குளிக்கிறீங்க. நானும் மகளும் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, ஈரச் சேலையோட ஒருத்திக்கு ஒருத்தி காவல் நிக்கிறோம். ஒங்க ரோசத்துக்கு நாங்க ஏங்க நடுங்கணும்?"

கொத்தனார் தலையைக் குனிந்தபடி கயிற்றைச் சுற்றினார். பதினெட்டு வயது மகள் இருக்கும் வீட்டில் இதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. கூசிப்போனேன்.

அண்ணனுக்கு நாலு வரி எழுதிவிட்டேன். தோட்டத்து ஓரமாக ஒரு மண்குழாய் பதிக்க அனுமதி வேண்டும் என்று. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தபால்! 'தங்கள் தம்பி' என்று முடிக்கக் கை வரவில்லை. வேறு எப்படி முடிப்பது என்றும் தெரியவில்லை. என் எழுத்து அவருக்குத் தெரியும். கையெழுத்து இல்லாமலே காலையில் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.