நந்தியாவட்டையில் மடித்த இலை

புரட்டாசி, திங்கள்

வெயில் இல்லை. மலை பாதிக்கு மேல் மேகம். மாடியில் துணி காயாது.

எட்டாம் மாதத்தில் போன குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. எனக்கு முகத்தைக் காட்டவில்லை. பெற்றவளுக்குக் காட்டக்கூடாதாம். இவரும் பார்க்கவில்லை என்கிறார். துணியில் வாங்கிய அத்தை மட்டும்தான் பார்த்தார். இவரைப் பெற்றவர். எப்படி இருந்தது என்று அவரைக் கேட்க வேண்டும். வாய் வரவில்லை.

வாசல் நந்தியாவட்டையில் ஒரு நண்டுச்சிலந்தி. வெள்ளைப் பூவில் வெள்ளையாக. விலங்கியல் படித்தவள்தான் நான். தேனீ செத்துத் தொங்கிய பிறகுதான் கண்ணில் பட்டது.

புதன்

வாங்க: வெங்காயம், துவரம் பருப்பு, இரும்புச்சத்து மாத்திரை.

வலை கட்டாத ஜாதி. முன்கால் நாலையும் விரித்துப் பூவோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். காலை முழுக்க அசையவில்லை. தன்னைவிடப் பெரிய ஈ வந்தது. பிடரியில் ஒரு கடி, முடிந்தது. சாமந்தித் தொட்டிக்குப் போயிருந்தால் சில நாளில் மஞ்சளாகியிருக்கும்.

இவர்: "அங்க என்னத்தப் பாத்துனு இருக்க?"

"சிலந்தி."

"சரி, ஈரத்துல நிக்காத."

இன்றைய பேச்சு அவ்வளவுதான்.

வெள்ளி. தூறல்

ஒரு இலையை மடித்து நூலால் ஒட்டி, உள்ளே முட்டைப்பை. மேலே காவலுக்குச் சிலந்தி. ஈ பக்கத்தில் வந்தும் திரும்பவில்லை. இனி சாப்பாடு கம்மி. வயிறு சுருங்கும். குஞ்சு வரும்வரை காவல், பிறகு பெரும்பாலும் சாவு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பாடம். இன்று அழுகை வந்தது. பொறாமை. போயும் போயும் சிலந்திமேல்.

நாளை அத்தை வருகிறார். கேட்டுவிட வேண்டும்.

சனி

பௌர்ணமி கிரிவலக் கூட்டம். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அத்தை ஷேர் ஆட்டோவில் வந்தார். பையில் வேர்க்கடலை, முருங்கைக்கீரை. கால் வீங்கியிருக்கிறது. குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை.

ஞாயிறு

காலையில் அத்தை சாமிக்குப் பூ பறிக்கப் போனார். வேர்க்கடலை பயிரிடுகிற குடும்பம். சுருண்ட இலையைப் பார்த்தால் உள்ளே புழு என்று கை தானாக நசுக்கிவிடும். நசுக்கிவிட்டார்.

"சுருட்டுப்புழுமா. உட்டா செடியே போய்டும்."

"முட்டைங்க அத்தை. சிலந்தி காவலுக்கு உக்காந்துனு இருந்துச்சு." சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை கையை முந்தானையில் துடைத்தார், திரும்பத் திரும்ப. சிலந்தி சாகவில்லை. இலை இருந்த காம்பையே சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கேட்டேன். "கொழந்த எப்படிங்க இருந்துச்சு?"

பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முடி ஜாஸ்தி. நெத்தி வரைக்கும். உன்ன மாதிரியே மோவாக்கட்டைல குழி. கைய இறுக்க மூடினு இருந்தா. நான் மெதுவாப் பிரிச்சி என் வெரல வச்சேன். தூக்கினு போற வரைக்கும் எடுக்கலமா."

எந்த விரல் என்று கேட்டேன். வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினார். இலையின் பச்சை இன்னும் போகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன். இவர் உள்ளேயிருந்து காபி கேட்டார். நாங்கள் எழுந்திருக்கவில்லை.