மறுகாலின் அக்கரையில் ஓர் அம்புக்குறி

மக்கா,

கையெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாசனை. குளத்து மறுகாலை ஒட்டிய கல்மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ கல்லில் போட்ட அம்புக்குறிகளை நம்மூர் இளவட்டங்கள் போன வாரம் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். உன் நினைவாகவாம்!

குமரியிலிருந்து காசிவரைக்கும் ஒருத்தன் யாரிடமும் வழி கேட்காமலே சைக்கிளில் போகவேண்டும் என்பது உன் பித்து. ஊர் ஊராகக் கடிதம் போட்டாய். அவரவர் எல்லைக்குள் அவரவர் அம்பு போடவேண்டும். எல்லாம் சேர்ந்தால் போகவும் வரவும் தேசம் முழுக்க ஒரே பாதை. பெரிய ரோட்டில் மோட்டார் புழுதி என்று நம் பகுதிக்குக் குளக்கரைகளைத் தேர்ந்தெடுத்தாய். பங்குனி வெயிலில் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். குளம் நிறைந்தால் தண்ணீர் வழிந்தோடும் இந்த மறுகால் அன்று காய்ந்து கிடந்தது. சைக்கிளை விட்டு இறங்காமலே கடந்தோம்.

வயலில் நின்ற ஒருவர் கத்தினார்: "பிள்ளைகளே, இது மறுகாலாக்கும்! ஐப்பசியில கணுக்கால் தண்ணிதான் தெரியும். ஆளை இழுத்துக்கிட்டுப் போயிரும், கேட்டியளா?"

"மழையில எவம்ல சைக்கிள் விடுவான்?" என்று என்னிடம் சிரித்தாய். பாவி!

அந்த ஐப்பசியிலேயே ஒருவன் விட்டான். மதுரையிலிருந்து முதல் பயணி வருகிறான் என்று தந்தி வந்தது. "அம்பை நம்பி எறங்கிருவாம்ல!" என்று மழையில் மிதித்தாய். அவனைத் தடுக்கத்தான் தண்ணீரில் கால் வைத்தாய். அவனோ வள்ளியூரில் மழைக்கு ஒதுங்கி இட்லி தின்றுகொண்டிருந்தான். உன் சைக்கிளைத் தாழம்புதரிலிருந்து எடுத்தோம். மணி மட்டும் பழுதில்லாமல் இருந்தது. அதை நான் வைத்துக்கொண்டேன்.

இன்று காலை திருநெல்வேலியிலிருந்து நாலைந்து பேர் கிளம்பிவிட்டார்கள். உன் நினைவு நாளுக்கு, உன் பாதையிலேயே வருகிறார்களாம். நேற்றிலிருந்து மழை விடவில்லை. இக்கரை அம்பைத் தேங்காய்த் தொண்டு நாரால் தேய்த்து அழித்துவிட்டேன். அக்கரை அம்பு வெள்ளைவெளேரென்று இந்தத் தண்ணீரைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அக்கரைக்குச் சுற்றிப் போகலாமென்றால் பெரிய ரோட்டையும் வெள்ளம் அறுத்துவிட்டது. நான் இறங்கமாட்டேன், பயப்படாதே. எனக்கு உன் அளவுக்குத் தைரியம் கிடையாது.

அக்கரைத் தென்னைகளுக்கு நடுவே ஏதோ அசைகிறது. உன் மணி மடியில் இருக்கிறது; பென்சிலைப் போட்டுவிட்டு அதை அடிக்கப் போகிறேன். மறுகால் இரைகிற இரைச்சலில் அது அவர்களுக்குக் கேட்குமா மக்கா?